ஆண்டவர் நாட்டோட சட்டத்தை பாப்பாரா, நம்ம மனசை பாப்பாரா? ஜெபக்கூட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல முப்பது வருஷமா குமாஸ்தா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் ஒரு வீட்டு மாடில வேதபாடம் எடுக்கறேன். பகல்ல கோர்ட் கட்டு, ராத்திரி பைபிள்னு ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறதால சட்டம், தீர்ப்பு, தண்டனைனு எது வந்தாலும் "அண்ணன்கிட்ட கேளு"னு என் தலைல கட்டிடறாங்க. ஒரே சந்தேகத்தை நாலு பேர் நாலு வாரம் கேக்கறாங்க, நானும் அதையே நாலு வாட்டி சொல்றேன். அதான் ஒரு இடத்துல எழுதி வெச்சுட்டேன். நான் பாஸ்டர் இல்ல, இறையியல் படிச்சவனும் இல்ல. தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஆண்டவர் நாட்டை நியாயந்தீர்ப்பாரா, ஆளை நியாயந்தீர்ப்பாரா?

ரெண்டையும்தான். ஆனா ரெண்டும் ஒரே கோர்ட்ல நடக்கற கேஸ் இல்ல. பைபிள்ல ஆமோஸ் தீர்க்கதரிசி புஸ்தகத்தோட முதல் ரெண்டு அதிகாரத்தை படிங்க, தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா, இஸ்ரவேல்னு எட்டு பேரை வரிசையா கூப்பிட்டு குற்றச்சாட்டு படிக்கறாரு, எல்லாமே நாடு இல்லனா ஊர், தனி ஆள் ஒருத்தனும் இல்ல. அந்தப் பக்கம் பைபிளோட கடைசி புஸ்தகம், வெளிப்படுத்தல் 20க்கு போனீங்கனா புஸ்தகங்கள் திறக்கப்படுது, அவனவன் கிரியைக்கு தக்கதா அவனவனுக்கு தீர்ப்பு. அங்க நாட்டுப் பேர் சொல்லி யாரையும் கூப்பிடல.

எனக்கு புரிஞ்ச வரைக்கும், நாட்டுக்கு மறுமை கிடையாது. செத்து உயிரோட எழும்ப நாட்டுக்கு ஆத்துமா இல்லயே. அதனால அதோட கணக்கை இங்கயே, சரித்திரத்துலயே முடிச்சுடறாரு, அசீரியா இப்போ எங்க, பாபிலோன் எங்க. மனுஷனோட கேஸ்தான் வாய்தா மேல வாய்தா போயி கடைசி நாள்ல விசாரணைக்கு வருது.

நாட்டை தீர்க்கறப்போ அந்த நாட்டு சட்டப் புஸ்தகத்தை பிரிச்சு பாப்பாரா?

ஆமோஸ்லயே பாருங்க. காசா மேல குற்றம், சிறைபிடிச்ச ஜனங்களை மொத்தமா ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தது. அம்மோன் மேல குற்றம், எல்லையை விஸ்தாரமாக்க கர்ப்பஸ்திரீகளை கீறினது. மோவாப் மேல இருக்கறதுதான் எனக்கு எப்பவும் ஆச்சரியம், ஏதோம் ராஜாவோட எலும்பை சுட்டு சுண்ணாம்பாக்கினது. செத்தவன் இஸ்ரவேலன் கூட இல்ல, ஒரு அந்நியன் இன்னொரு அந்நியனோட பொணத்துக்கு பண்ண அவமரியாதை, அதுக்கும் ஒரு கேஸ் ஃபைல் ஆகியிருக்கு. இவங்க யாருக்கும் மோசேயோட கட்டளை கொடுக்கப்படல. எழுதின சட்டம் இல்லனாலும் எவனுக்கும் தெரிஞ்ச விஷயத்துக்குதான் கேள்வி.

அதுக்காக எழுதின சட்டத்தை விட்டுடறாருனும் அர்த்தமில்ல. ஏசாயா 10 ஆரம்பமே அநியாயமான தீர்ப்பு செய்யறவனுக்கும் கொடுமையான கட்டளை எழுதறவனுக்கும் ஐயோனுதான் வருது. எழுதறவனுக்கு! அடிக்கறவன் மட்டுமில்ல, டேபிள்ல உக்காந்து பேனா புடிச்சவனும் உள்ள வரான். நான் முப்பது வருஷமா பேனா புடிக்கறவன், அந்த வசனத்தை தாண்டறப்போ கொஞ்சம் மெதுவாதான் தாண்டுவேன். அங்க அளவுகோல் என்னன்னா அந்த சட்டத்தால ஏழை, விதவை, திக்கற்ற பிள்ளை இவங்களுக்கு என்ன ஆச்சுங்கறது.

பாண்டில வாங்கினா பில்லு போட்டு தரான், அதே பாட்டிலை கடலூருக்கு எடுத்துட்டு வந்தா கேஸு. ஆண்டவருக்கும் முள்ளோடைல பார்டர் இருக்கா சார்?

இந்தக் கேள்விக்கு எப்பவும் சிரிப்பாங்க, ஆனா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. பாண்டி பஸ்ல வரீங்க, கன்னியக்கோயில் வரைக்கும் நீங்க யோக்கியன், முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பையை தொறந்தா குற்றவாளி. ஆளும் அதே, பையும் அதே, மனசும் அதே. இடம் மட்டுமா, வருஷமும் மாத்திடும். 1937ல சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்கு 1948ல மாகாணம் முழுக்க வந்துச்சு, 1971ல எடுத்தாங்க, 1974ல திரும்ப கொண்டாந்தாங்க, அப்புறம் திரும்ப எடுத்து 2003லேந்து அரசாங்கமே கடை வெச்சு விக்குது. எங்க தாத்தா காலத்துல எதுக்கு ஜெயில்ல போட்டாங்களோ அது இப்போ கவர்ன்மெண்ட் வருமானம். இப்படி மாறிகிட்டே இருக்கற ஒண்ண வெச்சு ஆண்டவர் ஆளை அளப்பாருனா அவர் தினம் கெஜட் படிக்கணும்.

இன்னொண்ணு சொல்றேன். பாரதியார் 1908லேந்து பத்து வருஷம் பாண்டில இருந்தாரு, பிரெஞ்சுக்காரன் ஊர்ல அவர் சுதந்திர மனுஷன். 1918 நவம்பர்ல எல்லை தாண்டி இந்தப் பக்கம் கால் வெச்சதும் புடிச்சு கடலூர் ஜெயில்ல போட்டாங்க, கேப்பர் மலைல இருக்கே அதே ஜெயில். அவர் மனசு எல்லைல மாறிடுச்சா என்ன. இதை சொன்னா உடனே "அப்போ பாட்டில் எடுத்துட்டு வரலாம்ல"னு பின்னாடிலேந்து ஒரு குரல் வரும். தம்பி, பாட்டிலுக்கு கேஸ் போடறது அரசாங்கம். ஆண்டவர் கேக்கறது வேற, பாண்டிக்கு போன அந்தக் காசு வூட்டுல யாரோட ஃபீஸு, யாரோட மருந்துனு கேப்பாரு. அது பாண்டிலயே குடிச்சுட்டு வந்தாலும் கேப்பாரு.

அப்போ சட்டமெல்லாம் சும்மா. மனசு சுத்தமா இருந்தா போதும்தானே?

இதை சொல்றவங்க எல்லாரும் 1 சாமுவேல் 16:7ஐ காட்டுவாங்க, மனுஷன் முகத்தை பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தை பார்க்கிறார். சரி, அது எப்போ சொன்னதுனு பாருங்க. அடுத்த ராஜாவை தேடி போன இடத்துல தாவீதோட அண்ணன் எலியாபை பாத்து, ஆள் உசரம், பாக்க ராஜா மாதிரி இருக்கான், இவன்தான்னு சாமுவேல் நினைச்சப்போ சொன்னது. வெளித்தோற்றத்துல ஏமாறாதேனு சொன்ன வசனத்தை நாம "நான் என்ன பண்ணாலும் என் மனசு நல்ல மனசு"னு ஜாமீனுக்கு யூஸ் பண்றோம். எரேமியா 17:9 இருதயம்தான் எல்லாத்தை விடவும் திருக்குள்ளதுனு சொல்லுது. மனசை பாக்கறாருனா அது பயப்பட வேண்டிய விஷயம், ஆறுதல் ரெண்டாவதுதான்.

கோர்ட்டும் மனசை பாக்கும், தெரியுமா. ஒருத்தன் அடிச்சு இன்னொருத்தன் செத்துட்டா, கொல்லணும்னே அடிச்சானா, கோவத்துல அடிச்சானா, கவனக்குறைவானு பாத்துதான் செக்‌ஷனே மாறும், பழைய இபிகோலயும் அப்படித்தான், 2024 ஜூலைலேந்து வந்த புது சட்டத்துலயும் அப்படித்தான். ஆனா ஜட்ஜ் மனசை எப்படி பாப்பாரு, கத்தி யாரு கொண்டாந்தா, எத்தனை குத்து, எங்க குத்துனு கை பண்ணதை வெச்சு மனசை ஊகிப்பாரு. ஆண்டவருக்கு ஊகிக்க வேண்டியதில்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

என் வூட்டு கதையே சொல்றேன். எங்க தாத்தா வீடு, நாங்க கிறிஸ்தவங்க, 1925ம் வருஷத்து வாரிசு சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அத்தைக்கு அதுல பாதி உண்டு. 1994ல எங்கப்பா அத்தையை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு கூட்டிட்டு போயி விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கை விட்டுக்கொடுத்துட்டேன்ங்கற பத்திரம், எழுதி வாங்கினாரு. பத்திரத்தை எழுதினது நான், அப்போதான் வேலைக்கு சேந்த புதுசு, கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னையே எழுத சொன்னாரு. "எனது சொந்த மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலுமின்றி"னு ஒரு வரி எல்லா பத்திரத்துலயும் வரும், அதையும் எழுதினேன். அத்தை கையெழுத்து போட்டு கட்டைவிரல் வெச்சாங்க, வெளில வந்து அந்த மையை தலைமுடில தேச்சு துடைச்சாங்க, எதிர்ல டீக்கடைல எல்லாருக்கும் போண்டா வாங்கி கொடுத்தாரு அப்பா. யாரும் மிரட்டல, யாரும் அழல. சட்டப்படி சுத்தமான பத்திரம். எங்கப்பா மனசும் கெட்ட மனசு இல்ல, கல்யாணத்துக்கு சீர் செஞ்சாச்சே, அக்காவுக்கு என்ன குறைனு நிஜமாவே நம்பினாரு. சட்டமும் சுத்தம், மனசும் சுத்தம், பாதி வீடு மட்டும் காணோம்.

அப்பன் பண்ண பாவம் புள்ளைக்கு வருமா? மூணாம் தலைமுறை நாலாம் தலைமுறைனு யாத்திராகமத்துல இருக்கே, எசேக்கியேல்ல இல்லங்கறாரே?

யாத்திராகமம் 20:5 பிதாக்களோட அக்கிரமத்தை பிள்ளைகள்கிட்ட மூணு நாலு தலைமுறை வரைக்கும் விசாரிப்பேன்னு சொல்லுது. எசேக்கியேல் 18 பாவம் செய்யற ஆத்துமாவே சாகும், மகன் அப்பனோட அக்கிரமத்தை சுமக்க மாட்டான்னு சொல்லுது. ரெண்டும் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. எசேக்கியேல் பேசினது பாபிலோன்ல சிறையிருப்புல இருந்த ஜனத்துகிட்ட. அவங்க ஒரு பழமொழி சொல்லிகிட்டு திரிஞ்சாங்க, அப்பன் திராட்சக்காய் தின்னான் புள்ளைக்கு பல் கூசுதுனு. அதாவது எங்க தப்பு ஒண்ணுமில்ல, எல்லாம் முன்னோர் பண்ணதுனு. அந்த சாக்கைத்தான் உடைக்கறாரு.

நான் இப்படி பிரிச்சுக்கறேன்: குற்றம் கை மாறாது, விளைவு கை மாறும். அத்தை பத்திரம் எங்கப்பா வாங்கினது, அந்தக் குற்றம் அவரோடது. ஆனா அந்த வீட்டுல படுத்து தூங்கறது நான், வாடகை வாங்கறது என் தம்பி. தெரிஞ்சும் அனுபவிக்க ஆரம்பிச்ச நாள்லேந்து அது எங்கப்பா பாவம் இல்ல, என் பாவம். நாடும் அப்படித்தான். பழைய தலைமுறை புடுங்கினதை இப்போ இருக்கறவன் வெச்சுகிட்டு "நான் அப்போ பொறக்கவே இல்லயே"னா அந்தப் பதில் பாதிதான் உண்மை.

2004 சுனாமி நம்ம ஊர் பாவத்துக்கு வந்த தண்டனைனு ஒரு ஊழியக்காரர் சொன்னாரே?

நானும் கேட்டேன். டிசம்பர் 26, கிறிஸ்மஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்துல கரையோரம் இருந்தவங்கள்ல எத்தனை குழந்தைங்க. லூக்கா 13ல இயேசுவே இதே கேள்வியை எடுத்து கேக்கறாரு, சீலோவாம்ல கோபுரம் விழுந்து பதினெட்டு பேர் செத்தாங்க, அவங்க எருசலேம்ல இருந்த மத்தவங்களை விட பாவிகளானு. அப்படி இல்லனு அவரே பட்டுனு சொல்லிட்டாரு. அதுக்கு மேல என்ன வேணும்.

சரித்திரத்துல நாட்டுக்கு தீர்ப்பு வருதுனு முதல் பதில்ல சொன்னேன்ல, அதை புடிச்சுகிட்டு எந்தப் புயலையும் பாத்து "இது தண்டனை"னு சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது. ஆமோஸ்கிட்ட ஆண்டவர் பேசினாரு. இவர்கிட்ட யாரு பேசினா? 2011 டிசம்பர்ல தானே புயல் பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோட புடுங்கி போட்டப்போ மரம் வெச்சவன் எல்லாம் பாவி, மரம் வெக்காதவன் எல்லாம் நீதிமானா?

ஊர்ல பத்து நல்லவங்க இருந்தா ஊரே தப்பிச்சுடுமா?

ஆதியாகமம் 18, சோதோம் ஊரை அழிக்காம விடணும்னா எத்தனை நல்லவங்க வேணும்னு ஆபிரகாம் ஆண்டவர்கிட்ட ஐம்பதுல ஆரம்பிச்சு பத்து வரைக்கும் பேரம் பேசறாரு. மீன் மார்க்கெட்ல கூட அப்படி பேச மாட்டாங்க. பத்துக்கு கீழ அவர் கேக்கவே இல்ல, ஏன் நிறுத்தினாருனு தெரியல. எரேமியா 5:1ல ஆண்டவரே ஒருத்தன் இருந்தா போதும்னு இறங்கி வராரு, நியாயம் செய்யற ஒரே ஒரு மனுஷனை எருசலேம் தெருவுல கண்டுபுடிங்க, மன்னிக்கறேன்னு. நாட்டோட கணக்கும் ஆளோட கணக்கும் தனித்தனினு சொன்னேன், ஆனா நடுவுல இப்படி ஒரு கதவு இருக்கு. கெட்டவன் ஒருத்தனால நாடு அழியும்ங்கறதை விட நல்லவன் ஒருத்தனால நிக்கும்ங்கறதைத்தான் இங்க அவர் தேடறாரு.

தீண்டாமை ஒழிஞ்சதுனு அரசியல் சட்டத்துலயே எழுதியாச்சு. நல்ல சட்டம் இருக்கற நாட்டை ஆண்டவர் ஏன் குறை சொல்லணும்?

1950லேந்து 17வது பிரிவு இருக்கு, 1955ல அதுக்கு தண்டனை சட்டமும் வந்துச்சு, நல்லது, அது இல்லாத காலத்தை நினைச்சா நடுங்குது. ஆனா நம்ம வூட்டு விஷயத்தை முதல்ல பேசுவோம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல 1745 சம்பவம் ஒண்ணு இருக்கு. புதுச்சேரில மாதா கோவிலுக்குள்ளயே குறுக்க ஒரு சுவர், இந்தப் பக்கம் உசந்த சாதி கிறிஸ்தவங்க, அந்தப் பக்கம் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவங்க, அவங்க போயி சாமியார்கிட்ட நியாயம் கேட்டதுல சுவர் இடிபட்டுச்சு. எந்த நாட்டு சட்டம் அந்தச் சுவரை கட்ட சொல்லுச்சு? ஒண்ணுமில்ல. மனசுலேந்து வந்த செங்கல். சுவரை இடிச்சாச்சு, பெஞ்சு வரிசை இருக்கு, கல்லறைத் தோட்டம் இருக்கு, கல்யாணப் பேச்சு இருக்கு. ஒவ்வொரு சபைக்கும் அதோட சுவர் எங்கன்னு தெரியும்.

பாண்டில இன்னொண்ணும் நடந்துச்சு. 1881ல பிரெஞ்சு அரசாங்கம் ஒரு ஆணை போட்டுச்சு, விருப்பப்பட்டவங்க தங்களோட சாதி வழக்கத்து சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வரலாம், புதுசா குடும்பப் பேர் வெச்சுக்கலாம்னு. சொந்த வழக்கம் மனுஷனா மதிக்கலனா அந்நியன் சட்டமா இருந்தாலும் பரவால்லனு எத்தனையோ பேர் போனாங்க. சட்டம் சும்மானு சொல்றவங்க அவங்ககிட்ட போயி சொல்லி பாக்கட்டும். தலைல கட்டின துண்டை இறக்காம தெருவுல நடக்க முடியுமாங்கறது, அனுபவிக்கறவனுக்கு சட்டம்.

ஆனா சட்டம் எவ்ளோ தூரம் போகும்ங்கறதுக்கு யோசியா ராஜாதான் உதாரணம். ஆலயத்துல நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைச்சுது, துணியை கிழிச்சுகிட்டு அழுதாரு, நாடு முழுக்க விக்கிரகத்தை ஒழிச்சாரு, அவ்ளோ சுத்தமான சீர்திருத்தம் யூதாவுல அதுக்கு முன்ன நடக்கல. அதே காலத்துல எரேமியா 3:10 சொல்றது, யூதா முழு மனசோட திரும்பல, கள்ளத்தனமா திரும்பினானு. ராஜா மாறினாரு, ஜனம் ராஜாவுக்காக மாறின மாதிரி நடிச்சுது. அவர் செத்து கால் நூற்றாண்டுக்குள்ள எருசலேம் போச்சு.

மோசே சட்டமே ஆண்டவர் குடுத்ததுதானே. அதையாவது வெச்சு ஆளை அளக்கலாம்ல?

மாற்கு 10:5 படிங்க. தள்ளுதற்சீட்டு எழுதி பொண்டாட்டியை அனுப்பலாம்னு மோசே சொல்லியிருக்காரேனு பரிசேயர் கேக்கறாங்க. உங்க இருதய கடினத்தினாலதான் அதை எழுதினாருனு இயேசு சொல்றாரு. ஒரு சட்டம் இருக்குனா அது நல்லதுனு அர்த்தமில்ல, அந்த ஜனத்தோட மனசு எவ்ளோ கல்லா இருந்துச்சுங்கறதுக்கு அது சாட்சியாவும் இருக்கலாம். இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். ஒரு நாட்டுல வயசான அப்பா அம்மாவுக்கு சோறு போடணும்னு சட்டம் போட வேண்டி வந்துச்சுனா (நம்ம நாட்டுல 2007ல போட்டாங்க) அந்த சட்டம் நல்ல சட்டம்தான், ஆனா அது தேவைப்பட்டுதுங்கறதே நம்ம மேல ஒரு குற்றப்பத்திரிகை.

தாவீது ராஜா ஜனத்தை கணக்கெடுத்தான், அந்தத் தப்புக்கு கொள்ளைநோய்ல செத்தது எழுபதாயிரம் ஜனம். இது என்ன நியாயம் அங்கிள்?

காலேஜ் பசங்க கேக்கறது இது. 2 சாமுவேல் 24. எனக்கும் இந்த அதிகாரம் நெருடும், நெருடலனு சொன்னா பொய். சிலர் "ஜனத்துகிட்டயும் பாவம் இருந்துருக்கும்"னு சுலபமா முடிப்பாங்க, முதல் வசனத்துல கர்த்தருக்கு இஸ்ரவேல் மேல கோபம்னு இருக்கறதை காட்டுவாங்க. இருக்கலாம். ஆனா தாவீதே அப்படி சொல்லலயே. நான்தான் பாவம் செய்தேன், இந்த ஆடுங்க என்ன பண்ணுச்சு, என் மேலயும் என் தகப்பன் வீட்டு மேலயும் உம்ம கை வரட்டும்னுதான் கேக்கறான். நீ கேக்கற அதே கேள்வியை பைபிளுக்குள்ளயே குற்றவாளி எழுந்து நின்னு கேக்கறான், அதை வெட்டாம எழுதி வெச்சுருக்காங்க.

மேல இருக்கறவன் தப்பு கீழ இருக்கறவன் மேல விழறது, நாம தினம் பாக்கறதுதான். சண்டை போட முடிவு பண்றவன் ஒருத்தன், சாவறவன் இன்னொருத்தன். அது நியாயம்னு நான் சொல்ல மாட்டேன். அந்த எழுபதாயிரம் பேர் ஒவ்வொருத்தரோட கேஸும் கடைசி நாள்ல தனியா வருங்கறதுதான் எனக்கு இருக்கற ஒரே பிடி.

நான் ஓட்டு போட்டவங்க அநியாய சட்டம் போட்டா அந்தப் பாவத்துல எனக்கு பங்கு உண்டா?

உபாகமம் 21ல ஒரு விநோதமான முறை இருக்கு. வயல்வெளில ஒரு பொணம் கிடக்கு, கொன்னது யாருனு தெரியல. மூப்பர்களும் நியாயாதிபதிகளும் வந்து பொணத்துலேந்து சுத்தி இருக்கற ஊருக்கெல்லாம் தூரம் அளக்கணும். எந்த ஊர் கிட்டயோ அந்த ஊர் மூப்பருங்க ஒரு கிடாரியோட பள்ளத்தாக்குக்கு போயி கை கழுவி, எங்க கை இந்த ரத்தத்தை சிந்தல, எங்க கண்ணு பாக்கலனு ஆண்டவர் முன்னாடி சொல்லணும். கொலை பண்ணதா அவங்க மேல யாரும் கேஸ் போடல. ஆனா "எங்களுக்கு சம்பந்தமில்ல"னு வூட்டுல உக்காந்துருக்கவும் விடல, எழுந்து வந்து அளந்து, உக்கார்ந்த இடத்துலேந்து எவ்ளோ தூரத்துல நடந்துச்சுனு தெரிஞ்சுக்கணும்.

ஓட்டு விஷயமும் எனக்கு அப்படித்தான் தெரியுது. சட்டம் போட்டவன் குற்றம் உன் குற்றமாகாது, எசேக்கியேல் பதிலை திரும்ப பாரு. ஆனா டேப்பு எடுத்து தூரத்தை அளக்க வேண்டியது உன் வேலை. காசு வாங்கிட்டு ஓட்டு போட்டவன் ரொம்ப கிட்ட இருக்கான், அவன் கிடாரி தேட வேண்டியதே இல்ல.

சட்டமே தப்பா இருந்தா மீறலாமா? ரோமர் 13 அதிகாரத்துல இருக்கறவங்களுக்கு கீழ்ப்படினு சொல்லுதே?

சொல்லுது. அதே பைபிள்ல சிப்பிராள், பூவாள்னு ரெண்டு மருத்துவச்சிங்க, ஆண் குழந்தையை கொல்லுனு பார்வோன் போட்ட உத்தரவை மீறினாங்க, ஆண்டவர் அவங்களுக்கு நன்மை செஞ்சாருனு இருக்கு. பார்வோன் பேரை எழுதல, மருத்துவச்சிங்க பேரை எழுதியிருக்காங்க, கவனிச்சீங்களா. தானியேல் சிங்கக்கெபிக்கு போனதும் சட்டத்தை மீறினதாலதான்.

நம்ம ஊர்லயும் ஒரு கதை உண்டு, பஸ் ஸ்டாண்டுலேந்து பத்து நிமிஷம் நடந்தா திருப்பாதிரிப்புலியூர் கோயில். அப்பரை பல்லவ ராஜா கல்லோட கட்டி கடல்ல போட சொன்னான், கல் மிதந்து இங்க கரையேறினாருனு சொல்லுவாங்க, கரையேறவிட்டகுப்பம்னு ஊர்ப் பேரே இருக்கு. ராஜா உத்தரவு கடைசி உத்தரவு இல்லங்கறது இந்த மண்ணுக்கு பைபிள் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். மீறணும்னு ஆயிட்டா அதுக்கு வர்ற தண்டனையையும் வாங்கிக்கணும், தானியேல் ஓடி ஒளியல. இந்தப் பக்கம், 1945லயும் 1946லயும் நியூரம்பர்க்ல நாஜிகளை விசாரிச்சப்போ மேலிடத்து உத்தரவுனு சொன்னவங்களை அந்தப் பதில் காப்பாத்தல. மனுஷன் கோர்ட்டே ஏத்துக்காத பதிலை அங்க கொண்டு போகாதீங்க.

நம்ம நாடே கிறிஸ்தவ நாடா மாறி சட்டமும் அப்படி ஆயிட்டா ஆசீர்வாதம்தானே பிரதர்?

ஜாம்பியா 1991ல கிறிஸ்தவ நாடுனு அறிவிச்சுது. அதனால அங்க மனுஷன் வேற மாதிரி பொறக்கறானா? ஆமோஸ் லிஸ்ட்ல எட்டாவது பேர் இஸ்ரவேல், இருக்கறதுலயே நீளமான குற்றப்பத்திரிகை அதுக்குத்தான், எளியவனை ஒரு ஜோடி செருப்புக்கு வித்ததுனு. பேர் பலகை மாட்டினவன்கிட்ட கேள்வி கூடத்தான் வரும்.

நாங்க இந்துங்க சார், உங்க பைபிளை படிச்சதே இல்ல. எங்களை எந்த சட்டத்துல நிறுத்துவாரு உங்க ஆண்டவரு?

எதிர் வூட்டுக்காரர் கேட்டது, நல்ல கேள்வி. ரோமர் 2ல பவுல் சொல்றாரு, நியாயப்பிரமாணம் இல்லாத ஜனங்க இயல்பா அதுல சொன்னதை செய்யறப்போ அது அவங்க இருதயத்துலயே எழுதியிருக்குனு தெரியுது, மனசாட்சி சாட்சி சொல்லுதுனு. ரட்சிப்பு பத்தி சபைக்கு சபை வேற வேற சொல்லுவாங்க, அதை இங்க தீர்க்க முடியாது, நானும் அவரும் திண்ணைல பல வருஷமா பேசறோம். ஆனா கேள்வி பேப்பர் என்னன்னு மத்தேயு 25ல லீக் ஆயிடுச்சு: பசியா இருந்தேன், தாகமா இருந்தேன், அந்நியனா இருந்தேன், துணியில்லாம இருந்தேன், வியாதியா இருந்தேன், ஜெயில்ல இருந்தேன். வடலூர்ல வள்ளலார் 1867ல தருமசாலை அடுப்பை பத்த வெச்சாரு, இன்னும் அணையலங்கறாங்க. முதல் கேள்விக்கு அங்க வரிசைல உக்காந்து சாப்பிடறவங்ககிட்ட போயி சாட்சி கேக்கலாம்.

மத்தேயு 25ல "சகல ஜனங்களும்"னு தானே இருக்கு. அப்போ கடைசி நாள்லயும் நாடு நாடாத்தானே பிரிக்கறாரு? முதல் பதில் தப்பாயிடுச்சே அண்ணே?

மாட்டிவிட்டுட்டான். ஆமா, கூட்டறது ஜனங்களை. ஆனா கிரேக்கத்துல "ஜனங்கள்"ங்கற சொல் அஃறிணை மாதிரி, அடுத்து "அவர்களை பிரிப்பார்"னு வர்றது ஆள்களை குறிக்கற சொல்லுனு படிச்சவங்க சொல்றாங்க. கொடி புடிச்சுகிட்டு நாடு நாடா வந்து நிக்கறாங்க, பிரிக்கறப்போ கொடியை கீழ போட்டுட்டு ஒவ்வொருத்தரா போறாங்க. நான் அப்படித்தான் பாக்கறேன், முதல் பதிலை கொஞ்சம் திருத்திக்கறேன்.

அதுல இன்னொண்ணு பாருங்க. ஜெயில்ல இருந்தேன், வந்து பாத்தீங்கங்கறாரு. தப்பு பண்ணி போனாரா பண்ணாம போனாராங்கறது அந்த இடத்துல இல்ல. நாட்டு சட்டம் ஒருத்தனை உள்ள போட்டுடுச்சு, ஜட்ஜ் அந்த உள்ள இருக்கறவன் பக்கத்துல உக்காந்துகிட்டு யாரு வராங்கனு வாசலை பாத்துகிட்டிருக்காரு. வக்காலத்துல கையெழுத்து வாங்க நான் கேப்பர் மலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், உள்ள இருக்கறவங்களை மனு போட்டு பாக்க வர்ற பொம்பளைங்க பிஸ்கட் பாக்கெட்டை மடில வெச்சுகிட்டு வெயில்ல நிப்பாங்க. நான் ஃபைலை காட்டி நேரா உள்ள போயிடுவேன். அது என் வேலை, அதுக்கு ஃபீஸு வாங்கியாச்சு, அதை இந்தக் கணக்குல எழுத முடியாது.

அத்தை பங்கு என்னாச்சு? சொல்லாமயே விட்டுட்டீங்களே.

இதை எழுதி படிக்க கொடுத்ததும் மூணு பேர் இதைத்தான் கேட்டாங்க. அத்தை தவறிட்டாங்க. அவங்க பொண்ணு பண்ருட்டில இருக்காங்க, போன வருஷம் போயி பேசினேன், "அதெல்லாம் எதுக்குண்ணா இப்போ"னாங்க, காபி கொடுத்தாங்க, திரும்பி வர்றப்போ ஒரு பலாப்பழத்தையும் தூக்கி கொடுத்தாங்க. அத்தை பொண்ணு பத்திரச் சட்டத்துல "குடும்பம்"ங்கற கணக்குல வராது, அதனால எழுதி கொடுத்தா சலுகை கிடையாது, முழு முத்திரைத் தீர்வை கட்டணும். அதுக்கு சீட்டு எடுத்து வெச்சுருக்கேன். வரைவு பத்திரம் நானே எழுதிட்டேன், அந்த "மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்" வரி இதுலயும் வருது. வீடு என் பேர்லயும் தம்பி பேர்லயும் இருக்கு. தம்பி இன்னும் கையெழுத்து போடல.